மணலில் எழுதிய விரல்

மூன்று வயதுக் குழந்தைகளுக்கென்று இப்போது 'சென்சரி ட்ரே' என்று ஒரு சாமான் விற்கிறார்கள். ஓரம் உயர்ந்த மரத்தட்டு, ஒரு பை மெல்லிய மணல், அதைச் சமன்படுத்த ஒரு சின்னப் பலகை. குழந்தை விரலால் கோடு இழுக்கும், கலைக்கும், மறுபடி இழுக்கும். அழுது அடம் பிடிக்கிற குழந்தைகூட சற்று நேரத்தில் அடங்கிவிடும் என்கிறார்கள். விலையைக் கேட்டால் நம் அமைதிதான் போய்விடும்! ஆனால் இந்த மணலுக்கும் சென்னைப் பட்டணத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நம்மில் பலர் விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுதியவர்கள். நம் பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளியில் அது ஒரு நாள் சடங்கு அல்ல, தினப்படி வேலை. பிள்ளைகள் மணல் கொண்டுவந்து கொட்டிப் பரப்பி அதில் எழுதிய கதையை உ.வே.சா. 'என் சரித்திர'த்தில் சொல்லியிருக்கிறார். எழுத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வேண்டும். கண், காது, வாய், விரல் நான்குக்கும் ஒரே சமயத்தில் வேலை. கை நன்றாகப் படிந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும்.

1789-இல் எழும்பூரில் ராணுவச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக நடந்த பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். ஒரு நாள் காலைச் சவாரியில் ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைக் கடந்து போகிறார். (அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்குத் தமிழரும் மலபார்தான்.) தரையில் உட்கார்ந்து பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுகிறார்கள். திரும்பி வந்ததும் தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர் அது நடக்காது என்றுவிட்டார். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்ன வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். பெரியவர் முடியாது என்றதைப் பையன் செய்து காட்டினான். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை இங்கிலீஷ் பள்ளிக்குள் நுழைந்தது இப்படித்தான் என்பேன்.

பெல் ஊர் திரும்பி, 1797-இல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே அதற்குப் பெயர். லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டரும் மேஜையில் மணல் பரப்பி எழுத வைத்தார். பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளி இருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவர்களில் யாரும் குழந்தையின் மன அமைதிக்காக மணலைத் தேடவில்லை. மணல் மலிவு, காகிதம் கிராக்கி, அவ்வளவுதான். நம் திண்ணைப் பள்ளியும் சாந்தி நிலையம் அல்ல. வாத்தியார் பிரம்பை மறந்தவர் யார்?

குழந்தையின் விரலுக்கே மதிப்புக் கொடுத்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-இல் ரோம் நகரின் ஏழைப் பகுதி ஒன்றில் பள்ளி தொடங்கி, உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, குழந்தைகளை விரலால் தடவ விட்டார். இந்த யோசனை அவருக்கு நம்மிடமிருந்து போனதல்ல. இட்டார், செகுவின் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் வழியாக வந்தது. ஆனால் 1939-இல் அவரே அடையாறுக்கு வந்து சேர்ந்தார். போர் மூண்டு, இத்தாலிக்காரர் என்பதால் ஊர் திரும்ப முடியாமல், 1946 வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களைப் பழக்கினார். கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார்.

அவருடைய 'மௌன விளையாட்டு' பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது. குழந்தைகள் அசையாமல் உட்கார வேண்டும். பின்னாலிருந்து நாம் ஒவ்வொரு பெயராக ரகசியக் குரலில் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட குழந்தை சத்தமில்லாமல் எழுந்து வர வேண்டும். அதட்டி அடங்காத பிள்ளைகள் இதற்கு அடங்குவதை நான் எங்கள் வீட்டுக் கூடத்தில் பார்த்திருக்கிறேன்.

மணலுக்குப் பதில் நாங்கள் ரவையைத்தான் பயன்படுத்துகிறோம். பேத்தி சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசி கேட்டு அழுதால் பழைய எவர்சில்வர் தாம்பாளத்தில் இரண்டு கைப்பிடி பரப்பி முன்னால் வைப்பாள் என் மனைவி. 'எழுது' என்று சொல்லக் கூடாது. சொன்னால் அது பாடமாகிவிடும். நாமும் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் ஒரு கோடு இழுத்தால் போதும், சின்ன விரலும் தானாக வந்துவிடும். கொண்டைக்கடலை, புளியங்கொட்டை போன்றவற்றைச் சின்னக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள்; வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். விளையாடி முடிந்ததும் ரவையை டப்பாவில் கொட்டி இறுக மூடி வையுங்கள், எறும்பு காத்துக்கொண்டிருக்கும்.