எண்ணூரில் இறங்கும் பனியுகம்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் நோக்கிச் செல்கையில் வடக்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைக் காண்கிறோம். ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டப்படும் நிலக்கரி, பாராதீப்பில் கப்பலேறி எண்ணூருக்கு வருகிறது. 2001இல் திறக்கப்பட்டு 2014இல் காமராஜர் பெயர் சூட்டப்பட்ட துறைமுகம், தொடக்கத்தில் இந்த நிலக்கரிக்காகவே அமைக்கப்பட்டது. வெயில் தகிக்கும் இக்கரையில் பனியுகத்தைப் பற்றிப் பேசுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அந்தக் கரியின் கதை பனியில்தான் தொடங்குகிறது.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் பிளான்ஃபோர்டு, அவருடைய தம்பி ஹென்றி பிளான்ஃபோர்டு, வில்லியம் தியோபால்டு ஆகிய மூவரும் தால்சேர்ப் பகுதியை ஆராய்ந்து 1856இல் எழுதினர். கரியடுக்குகளுக்குக் கீழே, நுண்ணிய வண்டல் இறுகிய பாறைக்குள் பெருங்கற்கள் புதைந்திருந்தன. அத்தகைய கற்களை உருட்டிவரும் வெள்ளம் வண்டலை அங்கே தங்கவிட்டிராது. ஆகவே கற்களைச் சுமந்துவந்தது பனிக்கட்டியே என்றனர். ஐரோப்பாவில் அகாசி பனியுகக் கொள்கையை முன்வைத்து இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. வெப்பமண்டலத்தில் பனியா என்று ஐயுற்றோர் பலர். 1870களில் இன்றைய மகாராஷ்டிரத்தின் சந்திரபூர்ப் பகுதியில், இதே கல்லடுக்கின் அடியில், கீறல் விழுந்து மெருகேறிய சுண்ணாம்புப் பாறைத் தளம் கண்டறியப்பட்டது. நகரும் பனி தன் அடியில் சிக்கிய கற்களால் இழுத்த கோடுகள் அவை.

இது நிகழ்ந்தது எப்போது? பெருங்கல்லின் வயதை அளந்து பயனில்லை. அது தன் தாய்ப்பாறையின் வயதையே சொல்லும். கல் வந்து சேர்ந்த காலத்தை உடனிருக்கும் அடுக்குகளே காட்டும். சத்தீஸ்கரின் மனேந்திரகரில் இப்பனிப்படிவையொட்டிய கடற்படிவில் யூரிடெஸ்மா என்னும் குளிர்நீர்ச் சிப்பி கிடைக்கிறது. அதே சிப்பி ஆஸ்திரேலியாவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் உண்டு. ஆப்பிரிக்கப் பனிப்படிவுகளுக்கிடையே எரிமலைச் சாம்பல் அடுக்குகளும் இருக்கின்றன. சாம்பலிலுள்ள சிர்க்கான் மணிகளில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்தால் காலம் தெரிந்துவிடும். இவ்வாறு ஒப்புநோக்கி, ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பனி அது என்கின்றனர். அன்று இந்தியா, கோண்டுவானா பெருநிலத்தின் பகுதியாகத் தெற்கே வெகுதொலைவில் கிடந்தது.

பனி விலகிய பின் சதுப்புகளில் குளோசோப்டெரிஸ் மரங்கள் செழித்தன. காற்றிலிருந்த கரியை உண்டு வளர்ந்து, மடிந்து, புதைந்து, அவை நிலக்கரியாயின. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் அடங்கியிருந்த அந்தக் கரியை நாம் இங்கே எரித்துக் காற்றுக்கே திருப்பித் தருகிறோம். சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து, இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த மீனவர்களின் நீர்வழிகளைத் தூர்த்திருக்கிறது. புகையோ உலகை வெப்பமாக்கி இமயத்தின் பனியாறுகளைக் கரைப்பதில் பங்கேற்கிறது.

பழைய பனிக்கு வயது கணிக்க நூறாண்டுக்கு மேலாயிற்று. அது விட்டுச்சென்ற கரியைக் கொண்டே நம் காலத்துப் பனியை உருக்கிக்கொண்டிருக்கிறோம். அந்த நீர் கடலில் சேரும்போது உயரும் அலை தொடப்போகும் தாழ்ந்த கரைகளில் எண்ணூரும் ஒன்று.