கருவுற்ற தாயும் அயோடினும்

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே எழும் நீலகிரியில், குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், 1918-ஆம் ஆண்டில் உணவு ஆராய்ச்சிக்கூடம் ஒன்று தொடங்கிற்று. அதனை நிறுவிய மருத்துவர் ராபர்ட் மக்காரிசன் அதற்கு முன்னர்க் கில்கித் மலைநாட்டில் பணியாற்றியவர். ஆங்கே ஒரே கால்வாயின் நீரை அடுத்தடுத்துப் பருகிய ஊர்களில், கீழே செல்லச் செல்லக் கழுத்துக் கழலை மிகுந்திருக்கக் கண்டார். அந்நீரின் வண்டலைத் தாமே பருகியும் சோதித்தார். துணிவுடைய மனிதர்தாம்! நீரின் மாசே காரணம் என்பது அவர் துணிபு. அயோடின் குறைவே முதன்மைக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும், கழலை மிகுந்த சித்ரால், கில்கித் பள்ளத்தாக்குகளில் சில குழந்தைகள் பிறவியிலேயே செவிப்புலனும் பேச்சுமின்றி, அறிவு வளர்ச்சி குன்றியிருப்பதை 1908-இல் அவர் விரிவாக எழுதினார். கழலை கழுத்தோடு நிற்கும் நோயன்று என்பதற்கு அது சான்றாயிற்று.

காரணம் இதுதான்: கருவின் தைராய்டுச் சுரப்பி தொடக்க மாதங்களில் தானே இயங்க வல்லதன்று. மூளை உருவாகும் அக்காலத்தில் வேண்டிய சுரப்புநீரைத் தாயே அளித்தல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் கருவுற்ற பெண்ணுக்கு நாள்தோறும் 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்கிறது. ஒரு கிராமை நாலாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு!

குன்னூரில் பயின்று உழைத்த வு. ராமலிங்கசுவாமி 1956-இல் காங்கிராப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களிடையே, தம் குழுவினருடன் பெருஞ்சோதனை ஒன்றைத் தொடங்கினார். இரு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் வழங்கப்பெற்றன. அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை பெரிதும் தணிந்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. பப்புவா நியூகினியில் நிகழ்ந்த ஆய்வொன்று 1971-இல் வெளியாயிற்று. கருவுறுமுன்பே தாய்க்கு அயோடின் கிட்டினாலன்றிக் குழவியைக் காத்தல் அரிது என்பதை அது உணர்த்திற்று. ஆகவே, மருத்துவமனைக்குச் சென்றபின் நாடும் மருந்தாக அன்றி, அன்றாட உப்பிலேயே அயோடின் இருத்தல் வேண்டும்.

நேர் உணவுக்கான அயோடினற்ற உப்பின் விற்பனைத் தடை 2000-இல் நீக்கப்பெற்று, 2006-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் 2018-19-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், போதிய அயோடின் கொண்ட உப்பைப் பயன்படுத்தும் இல்லங்கள் இந்தியாவில் 76.3 விழுக்காடு, தமிழ்நாட்டிலோ 61.9. மாநிலங்களுள் கடையிடம் அதுவே. தூத்துக்குடி உப்பளங்களைத் தன்னகத்தே கொண்ட நாட்டின் நிலை இது! சாக்கில் அளந்து விற்கும் கல்லுப்பின்மேல் நமக்குள்ள பற்று எளிதில் விடுவதில்லை போலும். உறையின்மேல் அயோடின் கலந்தது என்ற குறிப்பு உளதா என்று பார்த்து வாங்குவதும், வாங்கியதை ஈரம் படாமல் மூடிய சாடியில் வைப்பதும் மணமான பெண்ணுள்ள இல்லங்களில் இன்றே தொடங்கத் தக்கவை.