யாழ்ப்பாணத்துக்கு மருந்து வந்த வழி

2020 மார்ச் 20ஆம் திகதி இலங்கை முழுவதும் கொரோனா ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டம் அபாய வலயங்களுள் ஒன்றாயிற்று. வைத்தியசாலைக் கிளினிக்குகளுக்கு வர இயலாத நோயாளருக்குரிய மருந்துகளைத் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்ப அரசு அப்போது ஏற்பாடு செய்தது. தபாற்காரர் மருந்துப் பொதியுடன் படலையில் வந்து நிற்பார் என்ற செய்தியைப் படித்தபோது, என் நினைவு முப்பது ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றது.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. மருந்து முற்றாகத் தடுக்கப்படவில்லை என்பது உண்மையே. ஆனால் எது, எவ்வளவு செல்லலாம் என்பதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டியிருந்தது. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடி பறந்த கப்பல்களே மருந்தையும் நோயாளரையும் ஏற்றின. அவ்வாண்டு நவம்பரில் யாழ். போதனா வைத்தியசாலையும் அச்சங்கத்தின் பாதுகாப்புக்குள் வந்தது.

வைத்தியசாலை வரை வந்த மருந்து வீடுவரை செல்லவேண்டுமே! பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. சைக்கிள்தான் வாகனம். எங்கள் அயலில் ஒரு முதியவர் புற்றுநோயால் படுத்திருந்தார். இனிச் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். மகன் மருந்துத் துண்டுடன் கடை கடையாய் அலைந்தான். கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து கொழும்பிலிருந்து வருவோரிடமும் சொல்லிவைத்தான். இறுதி வாரங்களில் அவருடைய வலிக்குக் கிடைத்தது பனடோல் மட்டுமே. இரவில் அவர் முனகியது எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

சட்டம் என்ன சொல்லிற்று? பகைவரின் குடிமக்களுக்கேயாயினும் மருந்து செல்ல வழிவிடவேண்டும் என்கிறது 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 23ஆம் உறுப்புரை. இலங்கை 1959இல் அதனை ஏற்றது. எனினும் அவ்வுறுப்புரை நாடுகளுக்கிடையிலான போருக்குரியது. அதிலும், மருந்து எதிரியின் கைக்குப் போய்ச் சேரும் என அஞ்சினால் மறுக்கலாம் என்ற விலக்கு உண்டு. உள்நாட்டுப் போர்களுக்காக 1977இல் எழுதப்பட்ட இரண்டாம் மேலதிக நெறிமுறையில் இலங்கை சேரவில்லை.

உள்நாட்டுச் சட்டமோ இன்னும் பழையது. நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929இல் பிறந்தது. மோர்பீன் யார் கையில் இருக்கலாம், யார் கையில் இருத்தல் குற்றம் என்பதே அதன் கவலை. போதைப்பொருளைத் தடுக்க அது தேவை, மறுப்பதற்கில்லை. ஆனால் வலி தணிக்க இத்தகைய மருந்துகள் இன்றியமையாதவை என்று 1961ஆம் ஆண்டின் ஐ.நா. தனி உடன்படிக்கையே தன் முகவுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே மோர்பீன் இடம்பெற்றது.

மருந்து தவறான கைக்குப் போகாதிருக்கச் சட்டங்கள் பல எழுதினோம். உரிய கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும் சட்டங்களைக் குறைவாகவே எழுதினோம். போர்க்காலத்தில் அந்த வேலையைச் செய்தவர்கள் மகன்களும் மருமக்களும் அயலவர்களுமே. அன்று தடுத்த அரசே 2020இல் தபாற்பையில் மருந்தை அனுப்பிற்று. மனம் வைத்தால் இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஊரடங்கு பின்னர் தளர்ந்தது. படுக்கையை விட்டு எழ இயலாதவருக்கோ ஒவ்வொரு நாளும் ஊரடங்குதான். அவரை எண்ணி எழுதப்படும் சட்டத்தையே நான் எதிர்பார்க்கிறேன்.