வன்னிச் சிறுவர் இல்லங்களும் கடல்கடந்த திருச்சபைப் பணியும்: ஒரு வரலாற்று நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால வரலாற்றை ஆராய முற்படுவோர் போர், இடப்பெயர்வு, மீள்குடியேற்றம் என்பன பற்றிய எழுத்துக்களைப் பெருமளவிற் காண்பர். அங்குள்ள சிறுவர் இல்லங்களைப் பற்றிய எழுத்தோ வேறுவகையானது. அது பெரும்பாலும் வந்து பார்த்துச் சென்றவர்களின் எழுத்து. 2009 மே மாதத்திற் போர் முடிவுற்ற பின்னர், பிறநாட்டுத் திருச்சபைக் குழுக்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளின் இல்லங்களுக்குச் சேவைப் பயணமாக வந்துசெல்லலாயின. சில நாட்கள் தங்குதல், பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் கற்பித்தல், சுவருக்கு வர்ணம் பூசுதல், ஊர் திரும்பித் தம் சபையாருக்கு அறிக்கை அளித்தல் என்பன அப்பயணங்களின் பொது அமைப்பாகும். அத்தகைய அறிக்கைகளில் 'அநாதை' என்னும் சொல் மிக எளிதாக இடம்பெற்றுவிடுகின்றது. பிள்ளை தெரிகின்றது, கொடையாளர் தெரிகின்றார், பெற்றோர் மட்டும் மறைந்துவிடுகின்றனர். இம்மறைவு வன்னியில் நேற்றுத் தோன்றியதன்று. அதன் வேர்களை இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட யாழ்ப்பாணத்து மிஷன் விடுதிகளிற் காணலாம் என்பதே எமது கருத்து.

1810இல் நிறுவப்பெற்று பொஸ்ரன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க வெளிநாட்டு மிஷன் சங்கம் அனுப்பிய முதற்குழுவினர், 1815 ஒக்டோபரிற் கப்பலேறி, 1816 மார்ச்சிற் கொழும்பை அடைந்தனர். டானியல் பூர், எட்வேட் வாரன் ஆகியோர் தெல்லிப்பழையையும், பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் றிச்சாட்ஸ் ஆகியோர் வட்டுக்கோட்டையையும் தமது நிலையங்களாகக் கொண்டனர். நாட்பள்ளிகளால் மட்டும் தமது நோக்கம் நிறைவேறாது எனக் கண்ட இவர்கள், பிள்ளைகளைத் தம்முடன் தங்கவைத்து உணவும் உடையும் கல்வியும் அளிக்கும் விடுதிப் பாடசாலைகளைத் தொடங்கினர். தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் புதிய அமெரிக்க மிஷனரிமார் இலங்கைக்கு வருவதைத் தடுத்தமையும் இதற்கு ஒரு தூண்டுதலாயிற்று எனலாம். 1833 வரை நீடித்த அத்தடையினால், வெளியிலிருந்து ஆள் வர வழியில்லாதபோது உள்ளூரிலேயே ஆளை உருவாக்குதல் தேவையாயிற்று. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும், ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலை 1824இலும் தோன்றின.

இவ்விடுதிகளிற் சேர்ந்தோர் பெற்றோரற்றவர்கள் அல்லர் என்பது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. பெற்றோர் இருந்தமையினாலேயே மிஷனரிமார் பெருஞ் சிக்கல்களை எதிர்நோக்கினர். முதற் சிக்கல் சோறு. மிஷன் வளவினுட் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்பதை வேளாள குலத்துப் பெற்றோர் ஏற்கவில்லை. ஆகவே வட்டுக்கோட்டையில் மிஷன் வளவுக்கு அப்பால், சாதி ஆசாரத்துக்கு இணங்கச் சமையல் செய்ய வேண்டியதாயிற்று. பெண்பிள்ளைகள் பற்றியும் அமெரிக்க மிஷன் மரபில் ஒரு கதை வழங்கிவருகின்றது. தையல் பழக வந்த சிறுமியர் இருவர் கடும் மழையால் வீடு திரும்ப இயலாது, பசி பொறுக்காமல் அவ்விடத்துச் சோற்றை உண்டுவிட்டனராம். செய்தி அறிந்து சினத்துடன் வந்த தாய், பின்னர் மனம் மாறிப் பிள்ளைகளை அங்கேயே விட்டுச் சென்றாளாம். மிஷன் நூல்கள் இதனை ஒரு வெற்றியாகவே கூறுவன. எமக்கோ அக்கதையில் மழையில் நனைந்து வந்த தாயே முதன்மையாகத் தோன்றுகின்றாள். அவளுடைய சினத்தையும் மனமாற்றத்தையும் பிறர் சொல்லக் கேட்கின்றோமேயன்றி, அவள் சொல்லக் கேட்கவில்லை.

விடுதிப் பிள்ளைகளின் செலவை அமெரிக்கச் சபைகளும் தனியாட்களும் பொறுப்பேற்றனர். ஒரு பிள்ளைக்கு ஆண்டுதோறும் இவ்வளவு எனப் பணம் அனுப்புவோர், அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை இடும் உரிமையையும் பெற்றனர். இறந்த உறவினர், மதிப்பிற்குரிய போதகர், கொடையாளர் ஆகியோரின் பெயர்கள் இவ்வாறு யாழ்ப்பாணத்துச் சிறுவர்க்குச் சூட்டப்பட்டன. 1841 ஜனவரியில் வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை'யின் முதற் பத்திராசிரியர்கள் ஹென்றி மாட்டின், சேத் பேசன் என்போர். இருவரும் தமிழரே. அப்பெயர்களைக் கொண்டு அவர்தம் ஊரையோ குடியையோ எவரும் ஊகித்தல் இயலாது. சிலர் இரு பெயர்களையும் இணைத்து வழங்கினர். 'பாவலர் சரித்திர தீபகம்' செய்த ஆணல்ட் சதாசிவம்பிள்ளை, 1857இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஆகியோர் பெயர்களில் தந்தையிட்ட பெயர் தப்பிப் பிழைத்தமை காண்க. புலமையாற் புகழ்பெற்றோர் தம் பெயரை மீட்டுக்கொண்டனர். புகழ்பெறாதோர் கொடையாளரின் பெயருடனேயே மிஷன் பதிவுகளில் நிலைத்துவிட்டனர். கடல்கடந்த கொடை பிள்ளைக்கும் பெற்றோருக்குமிடையே எவ்வாறு புகுந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குறுகிய காலம் வந்துசென்றவர்களின் வருகை எத்தகைய விளைவை ஏற்படுத்த வல்லது என்பதற்கும் இவ்வரலாற்றிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1854-55இற் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் மற்றொருவருடன் இந்தியாவிலும் இலங்கையிலும் மிஷன் நிலையங்களைப் பார்வையிட்டார். ஆங்கிலக் கல்வியும் விடுதிச் செலவும் சுவிசேஷப் பணிக்குத் தடை என்பது அவரது கொள்கை. விளைவாக, முப்பதாண்டுகளுக்கு மேல் இயங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது. அண்டர்சனின் கொள்கையில் நியாயம் இல்லாமல் இல்லை. சுதேசத் திருச்சபை தன் காலில் நிற்றல் வேண்டும் என்பதே அவர் வாதம். ஆயினும் முடிவெடுத்தவர் கப்பலேறிச் சென்றார், அதன் பயனை அனுபவித்தோர் இங்கிருந்தனர். இதற்கு மறுதலையாக எலைசா அக்னியூ அம்மையாரைக் கூறலாம். 1840இல் உடுவிலுக்கு வந்த அவர் 1879 வரை அங்கு பணிபுரிந்து, தாயகம் மீளாமலே 1883இற் காலமானார். தம்மிடம் பயின்ற பெண்களின் பிள்ளைகளையும் அப்பிள்ளைகளின் பிள்ளைகளையும் கற்பிக்கும் அளவுக்கு நெடுங்காலம் இருந்தவருக்குப் பெற்றோரை அறியாதிருத்தல் இயலாது.

யாழ்ப்பாணத்தின் இம்மரபு வன்னிக்கு நெடுங்காலம் சென்று சேரவில்லை. மலேரியாவும் குடித்தொகையின் அருமையும் காரணங்களாகும். இரணைமடுக் குளத்து நீரை நம்பி 1930களிற் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிய பின்னரே நிலைமை மாறிற்று. மலையகத்தினின்றும் 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் துரத்தப்பட்டு வந்தோர் காணியற்ற கூலிகளாகக் காட்டோரங்களிற் குடியமர்ந்தனர். இத்தகைய வறிய குடும்பங்களின் பிள்ளைகளே இல்லங்களை முதலில் நாடினர். மியூரியல் ஹச்சின்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி கிளிநொச்சியில் அமைத்த கருணா நிலையம், அமெரிக்க மிஷனின் வழித்தோன்றலாக 1947இல் உருவாகிய தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தைச் சார்ந்த முரசுமோட்டை நவஜீவனம் ஆகியன திருச்சபை மரபின. குருகுலம், மகாதேவ ஆச்சிரமம் என்பன சைவ, காந்திய மரபின. சமயம் வேறுபடினும் வாயிலில் வந்து நின்ற வறுமை ஒன்றே. விடுதலைப் புலிகள் இயக்கம் நடத்திய இல்லங்கள் தனி ஆய்வுக்குரியனவாதலின் அவற்றை இங்கு விரிக்கவில்லை.

பின்னர் நிகழ்ந்தவற்றை வாசகர் அறிவர். 1996இற் கிளிநொச்சி மக்கள் இடம்பெயர்ந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையிற் கடல் முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009 ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி இராணுவத்தின் வசமாயிற்று. முள்ளிவாய்க்கால் வரை ஒதுக்கப்பட்ட மக்கள், இறுதியிற் செட்டிகுளத்து முகாம்களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேராக முள்வேலிக்குட் கிடந்தனர். இக்காலத்தில் இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைகள் உண்மையாகவே பலர். அவர்களுக்கு இல்லங்கள் அளித்த சோறும் பாயும் பள்ளிக்கூடமும், அவற்றுக்குப் பணம் அனுப்பிய தூரதேசச் சபைகளின் உதவியும் எவ்வகையிலும் குறைத்து மதிக்கத்தக்கன அல்ல.

எனினும் இறுதிப் போருக்கு முன்னரே, 2005இல், இலங்கையின் சிறுவர் இல்லங்கள் பற்றிச் சேவ் த சில்ட்ரன் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, இல்லத்துப் பிள்ளைகளுட் பெரும்பான்மையினருக்குத் தாயோ தந்தையோ இருவருமோ உயிருடன் இருந்தமையை எடுத்துக்காட்டிற்று. உடுவிலின் மழைநாட் கதைக்கும் இதற்கும் இடையே நூற்றெண்பது ஆண்டுகள். பிள்ளை வந்த வழி ஒன்றே: வீட்டிற் சோறில்லை, அங்கே சோறுண்டு. ஆகவே 'இவர்களுக்கு யாருமில்லை' என எழுதும் அறிக்கை, தாய் ஒருத்தியை எழுத்தாற் கொன்றுவிடுகின்றது. அனுப்பிய பணத்தின் ஒரு பங்கு அத்தாயின் கைக்கே சென்றிருப்பின் பிள்ளை வீட்டிலேயே வளர்ந்திருக்கலாமன்றோ என்னும் வினாவை அது எழவிடுவதில்லை. உலகளாவிய சிந்தனையும் இத்திசையிலேயே சென்றுள்ளது. 2009 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகள், வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்தலாகாது என்கின்றன. 2019இல் அதே சபை, இல்லங்களை நாடிச்செல்லும் தொண்டர் சுற்றுலாவின் தீங்குகளையும் தன் தீர்மானமொன்றிற் சுட்டிக்காட்டியது.

வன்னி இல்லங்களின் வரலாற்றை எழுத விழைவோர் பார்வையாளரின் அறிக்கைகளை விடுத்து, சேர்க்கைப் பதிவேடுகளிலிருந்தும், அங்கு வளர்ந்து இன்று தாமே பெற்றோராயிருப்பவர்களின் வாய்மொழியிலிருந்தும் தொடங்குதல் நன்று. 1941ஆம் ஆண்டின் அநாதை இல்லக் கட்டளைச் சட்டமும், மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் கண்காணிப்பும் அத்தகைய பதிவுகளை வேண்டிநிற்பன. ஆனால் வன்னியில் அப்பதிவேடும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. தந்தை உயிருடன் உள்ளாரா, இறந்தாரா என்னும் வினாவுக்கு இரண்டும் விடையாகாத பிள்ளைகள் பலர். 2016இன் சட்டம் இவர்களுக்காக இறப்புச் சான்றிதழுக்கு மாறாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றை ஏற்படுத்திற்று. ஆனால் சான்றிதழ் எங்கள் வினாவுக்கு விடையன்று எனக் கூறிய உறவினர்கள், 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலிற் போராட்டத்தைத் தொடங்கினர். அங்கு படங்களை ஏந்தி அமர்ந்தோருட் பெரும்பாலோர் தாய்மார்.