வளர்ப்புப் பாம்புகளுக்கு வைரஸ் நோய்: புற்றுநோயுடனும் தொடர்பு

மும்பை விமான நிலையத்தில் 2023 டிசம்பரில், பாங்காக்கிலிருந்து வந்த பயணியிடம் 9 பால் பைத்தான்களும் 2 சோளப் பாம்புகளும் பறிமுதல் செய்யப்பட்டன. இத்தகைய கடத்தலால், பாம்புகளுடன் நோயும் நாட்டுக்குள் நுழையும் அபாயம் உள்ளது.

அவற்றுள் முக்கியமானது, மலைப்பாம்பு, போவா இனங்களைத் தாக்கும் ‘இன்க்ளூஷன் பாடி’ நோய். 1970-களில் அறியப்பட்ட இந்நோயுடன் அரீனா குடும்ப வைரஸ்களுக்குள்ள தொடர்பை அமெரிக்க ஆய்வாளர்கள் 2012-இல் கண்டறிந்தனர்.

மலைப்பாம்புகள் நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டு விரைவில் இறக்கின்றன. போவாக்கள் நலமாகத் தோன்றியபடியே நீண்டகாலம் வைரஸைச் சுமக்கக்கூடும். பாதிக்கப்பட்ட சில போவாக்களுக்கு ரத்தப் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும் ஏற்பட்டுள்ளன.

இரையைக் கக்குதல், புரட்டிப் போட்டால் நிமிர இயலாமை ஆகியவை அறிகுறிகள். நோயைக் குணப்படுத்தும் மருந்தோ தடுப்பூசியோ இல்லை. பாம்பு உண்ணிகள் மூலம் பரவுவதாகவும் கருதப்படுகிறது. எனவே, புதிய பாம்பைத் தனிமைப்படுத்தி, உண்ணிகளை அகற்றி, பரிசோதித்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும்.