தராசு யார் கையில்?

இந்த வாரம் எங்க ஊர் திருவண்ணாமலையிலிருந்து பேசறேன். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் எல்லாருக்கும் தெரியும். அதே மாவட்டத்துல, போளூர் தாண்டி மலை ஏறினா ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் வரும். அங்கே பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். பேர்தான் மலையாளி, பேசறது தமிழ்.

நிலத்துல சாமை, காட்டுல தேன், வீட்டோரம் புளியமரம். பொருள் இருக்கு. விதைக்கவோ, கல்யாணம் காட்சிக்கோ பணம் வேணும்னா? வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கணும். வாங்கிட்டா, விளைஞ்சதை அவர்கிட்டயே, அவர் சொல்ற விலைக்கே போடணும். வட்டியைத் தனியா எழுத வேண்டியதே இல்லை. அது அந்த விலைக்குள்ளயே இருக்கு.

அரசு சும்மா இருக்கலை. 1970களில், பாவா குழுவின் பரிந்துரைப்படி பழங்குடிப் பகுதிகளுக்கென்று 'லேம்ப்' கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. கடன், விதை, உரம், விளைபொருள் விற்பனை எல்லாம் ஒரே இடத்தில். ஜமுனாமரத்தூரிலும் ஒண்ணு இருக்கு. நல்ல யோசனைதான். ஆனா அது மேலிருந்து வந்த சங்கம். மக்கள் தாங்களே கட்டின வங்கி எப்படி வந்திருக்கும்?

அதுக்கு நாம தெற்கே போகணும். 19ஆம் நூற்றாண்டு விருதுநகர், சிவகாசி. நாடார்கள் வியாபாரத்தில் முன்னேறிட்டாங்க, ஆனா பல கோயில்களுக்குள் நுழைய அனுமதி இல்லை. 1899ல் சிவகாசியில் பெரிய கலவரமே நடந்தது. அந்த வணிகர்கள் வாங்கி விற்கும் சரக்கில் சிறு பங்கை 'மகமை'யாக ஊர்ப் பொதுவுக்கு எடுத்து வெச்சாங்க. கணக்கை உறவின்முறை பார்த்தது. அந்தப் பணத்தில் வண்டிகளும் மாடுகளும் தங்கப் பேட்டைகள் வந்தன, பள்ளிக்கூடங்கள் வந்தன. காமராசர் படிச்ச விருதுநகர் பள்ளிகூட சமூகமே நடத்தினதுதான். இதெல்லாம் ஆன பிறகுதான், 1921ல், தூத்துக்குடியில் நாடார் வங்கி. 1962ல் பேர் மாறி, இன்னிக்கு நீங்க பார்க்கிற தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி.

இந்த வரிசையைக் கவனிங்க. முதல்ல கையில கொஞ்சம் மிச்சம். அப்புறம் மகமை. அப்புறம் சேர்ந்து கணக்கு பார்க்கிற பழக்கம். வங்கி கடைசியில.

ரெண்டு சமூகமும் ஒண்ணுன்னு நான் சொல்லலை. வித்தியாசமே அங்கதான் இருக்கு. நாடார் வணிகர் கையில் தராசு இருந்தது. ஜவ்வாது மலை விவசாயிக்குத் தராசு அடுத்தவர் கையில். மிச்சமே நிற்காதபோது எதைச் சேர்க்கிறது? கடன் மட்டும் கொடுத்தா, அடுத்த அறுவடையிலும் அதே கதைதான்.

அதனாலதான், மலைவாழ் விவசாயிகளே பங்குதாரர்களா இருக்கிற ஜமுனாமரத்தூர் உற்பத்தியாளர் நிறுவனம் எனக்கு முக்கியமாப் படுது. சாமை, தேன், புளி எல்லாத்தையும் அவங்க நிறுவனமே விற்குது. இந்த மாதிரி நிறுவனங்களுக்கான சட்டம் 2003ல் நடைமுறைக்கு வந்தது. தனிநபர் உறுப்பினர் எத்தனை பங்கு வெச்சிருந்தாலும் ஓட்டு ஒண்ணுதான்.

அது வங்கி இல்லை. இன்னும் மகமைகூட ஆகலை. ஆனா தராசு கொஞ்சம் கைமாறியிருக்கு. தூத்துக்குடிக் கதையும் அங்கிருந்துதானே ஆரம்பிச்சது?

அடுத்த தடவை கிரிவலம் வரும்போது சாமை அரிசி வாங்கினீங்கன்னா, விலை மட்டும் கேட்காதீங்க. அந்த மூட்டையை யார் எடை போட்டாங்கன்னும் கேளுங்க. அடுத்த வாரம் பேசலாம்.