நிகழ்பட ஆட்டத் துறைப் பெண்களும் ரசிகர்களும்

வீடியோ கேம் எனப்படும் நிகழ்பட ஆட்டங்களை உருவாக்கும் பெண்கள் பலர், அந்த ஆட்டங்களின் ரசிகர்களில் ஒரு சாராரிடமிருந்தே வசையும் மிரட்டலும் பெற்றுள்ளனர். வட அமெரிக்காவில் 2012இல் பரவலாகத் தெரியவந்த இப்போக்கு, 2014இல் 'கேமர்கேட்' என்ற தொடர் துன்புறுத்தலாக வளர்ந்தது.

தொடக்க காலம்

பெண்கள் இத்துறைக்குப் புதியவர்கள் அல்லர். கரோல் ஷா 1978இல் அடாரி நிறுவனத்தில் நிரலாளராகச் சேர்ந்தார். ராபர்ட்டா வில்லியம்ஸ் தம் கணவருடன் 1980இல் 'மிஸ்டரி ஹவுஸ்' ஆட்டத்தை வெளியிட்டார். அன்றைய அடாரி, ஆட்டத்தை உருவாக்கியவரின் பெயரை வெளியிடுவதில்லை. இதனால் மனக்குறையுடன் விலகிய சிலர் 1979இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கி, படைப்பாளியின் பெயரை அச்சிட்டனர். கரோல் ஷாவின் 'ரிவர் ரெய்ட்' (1982) அவ்வாறு அவர் பெயருடன் வந்தது. அக்காலத்தில் குறை சொல்ல விரும்பிய ரசிகர் நிறுவனத்துக்குத்தான் கடிதம் எழுதினார். சமூக ஊடகங்கள் வந்தபின், படைப்பாளியையே நேரடியாகத் தாக்க முடிந்தது.

2012

பயோவேர் நிறுவனத்தின் எழுத்தாளர் ஜெனிஃபர் ஹெப்லர், சண்டைப் பகுதிகளைத் தாண்டிச் செல்லும் வசதி வேண்டும் என்று 2006இல் ஒரு நேர்காணலில் சொல்லியிருந்தார். 2012இல் சிலர் அதைத் தோண்டியெடுத்து, அந்நிறுவனத்தின் ஆட்டங்கள் கெட்டுப்போனதற்கு அவரே காரணம் என்று பழி சுமத்தினர். அவருடைய குழந்தைகளைக் கொல்வதாகவும் மிரட்டினர். அதே ஆண்டு, ஆட்டங்களில் பெண் பாத்திரங்கள் காட்டப்படும் விதத்தை ஆராயும் காணொளித் தொடருக்கு விமர்சகர் அனிட்டா சர்க்கீசியன் 6,000 டாலர் நிதி கேட்டார். அவர்மீது வசைகள் குவிந்தன. ஆனால் ஏறத்தாழ 7,000 பேர் 1,58,000 டாலருக்கும் மேல் கொடுத்தனர். ரசிகர்கள் அனைவரும் ஒரே தரப்பில் இல்லை என்பதை இது காட்டியது.

கேமர்கேட்

2014 ஆகஸ்டில், 'டிப்ரெஷன் குவெஸ்ட்' ஆட்டத்தை உருவாக்கிய ஸோயி குவின் பற்றி அவருடைய முன்னாள் காதலர் நீண்ட பதிவொன்றை வெளியிட்டார். சாதகமான விமர்சனத்துக்காக ஒரு பத்திரிகையாளருடன் குவின் உறவு வைத்தார் என்ற குற்றச்சாட்டு அதைத் தொடர்ந்து பரவியது. அந்தப் பத்திரிகையாளர் அவ்வாட்டத்துக்கு விமர்சனமே எழுதியதில்லை. இயக்கத்தை ஆதரித்தவர்கள் இதழியல் நேர்மையே தங்கள் நோக்கம் என்றனர். சில செய்தித் தளங்கள் தங்கள் விதிகளைத் திருத்தவும் செய்தன. ஆயினும் கொலை மிரட்டல்கள் பெரும்பாலும் பெண்களுக்கே சென்றன. அக்டோபரில், ஆட்ட உருவாக்குநர் பிரியானா வூ வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சர்க்கீசியன் பேசவிருந்த கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடத்துவதாக மிரட்டல் வந்தது. உரிமம் பெற்றவர்கள் அரங்குக்குள் துப்பாக்கி கொண்டுவருவதை மாநிலச் சட்டப்படி தடுக்க இயலாததால், அவர் உரையை ரத்து செய்தார்.

பின்விளைவு

2020இல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' ஆட்டத்தில் ஏபி என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்கும் கொலை மிரட்டல்கள் வந்தன. கதையில் அப்பாத்திரம் செய்த கொலைக்கு, குரல் கொடுத்தவர் பொறுப்பாக்கப்பட்டார். நேர்காணல், நிதி திரட்டல், காதல் முறிவு, கதைத் திருப்பம் எனக் காரணங்கள் மாறின. மிரட்டும் முறை மாறவில்லை. ஆட்டத்தைப் பற்றிய கோபம் ஒவ்வொரு முறையும் ஆளின் உடல், குடும்பம், வீடு ஆகியவற்றின் மீது திரும்பியது. உழைப்புக்கு அடையாளமாகக் கேட்டுப் பெற்ற பெயரை வெளியில் சொல்லவே தயங்கும் நிலை இதனால் சில பெண்களுக்கு ஏற்பட்டது.